ஓசியில் போகாதவன்

கால் ஒடிந்தது என் பெண்டாட்டி காசியம்மாளுக்கு. பணம் கட்ட வேண்டியது இன்சூரன்சு கம்பெனி. ஆனால் கேசு போட்டதோ ராபின் சார் மேலே. அவர்தான் எங்களைக் காரில் ஏற்றி வந்தவர். இது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அவர் மேல போட்டாத்தான் பெரியவரே கம்பெனி உள்ள வரும்," என்றார் வக்கீலம்மா மணிமொழி. "ஓட்டினது அவரு. தப்பு நடந்தா கட்டுறதுக்குத்தான் கம்பெனிகிட்ட வருஷா வருஷம் பணம் கட்டியிருக்காரு. பயப்படாதீங்க."

எனக்குப் பயம் இல்லை. நம்பிக்கைதான் இல்லை. கோட்டுப் போட்டவர்கள் பயப்படாதே என்றால் நான் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள்.

நாங்கள் இருப்பது கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரம். சொந்த நிலம் கிடையாது. மரவள்ளி பிடுங்கும் காலத்தில் காலை பஸ்ஸில் மலைக்குப் போவோம். கூலியோடு ஆளுக்குக் கொஞ்சம் கிழங்கும் கொடுப்பார்கள். இறங்குவதுதான் தொல்லை. வேலை முடித்து ரோட்டுக்கு வருவதற்குள் பஸ் போயிருக்கும். ராபின் சார் மலை மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கள்ளக்குறிச்சியில் இருந்து தினமும் சொந்தக் காரில் வந்து போகிறவர். ஒருநாள் மழையில் நாங்கள் நிற்பதைப் பார்த்து நிறுத்தினார். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் நிறுத்துவார்.

சும்மா ஏற்றுகிறவனை நான் நம்புவதில்லை. சும்மா கொடுத்தவன் எல்லாம் பிறகு வந்து ஓட்டுக் கேட்டிருக்கிறான், இல்லை கைநாட்டுக் கேட்டிருக்கிறான். அதனால் இறங்கும்போது நல்ல கிழங்காகப் பொறுக்கி டிக்கியில் போட்டுவிடுவேன். முதல் நாள் வேண்டாம் என்றார். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டதும் எனக்கும் நிம்மதி. பின்னால் உட்கார்ந்து "மெதுவா போ சார்" என்று உரிமையோடு சத்தம் போடலாம்.

அன்றைக்கும் சத்தம் போட்டேன். ஈர ரோடு. கொண்டை ஊசி வளைவில் வேகமாகத் திருப்பிவிட்டார். கார் வழுக்கி, பக்கச் சுவரில் மோதிச் சாய்ந்தது. எனக்கும் அவருக்கும் சிராய்ப்புதான். காசியம்மாளுக்குத் தொடை எலும்பு போய்விட்டது. கம்பி வைத்தும் எலும்பு கூடவில்லை. மறுபடி ஆப்பரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் கோல்தான் என்றார்கள். அதற்கு எங்களிடம் வழி இல்லை. அதனால்தான் இந்தக் கேசு.

கேசு போட்ட பிறகு கம்பெனியில் இருந்து ஓர் ஆள் வீட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, இனிக்க இனிக்கப் பேச்சு. காசியம்மாள் காலைப் பார்த்து உச்சுக்கொட்டினான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

"ஏன் தாத்தா, வாத்தியாரு இத்தினி நாளும் உங்கள சும்மாவா இட்டுகினு போனாரு?"

"இன்னாது?"

"இல்ல, பாவம்னு பாத்து, தர்மத்துக்கு ஏத்திக்கினு போயிருப்பாரு போலன்னு கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எவன்டா ஓசியில போனவன்? ஏறுன அன்னிக்கெல்லாம் கிழங்கு குடுத்துட்டுத்தான் எறங்குனோம். வேணும்னா அவரையே போய்க் கேளு."

"ரொம்ப நல்லது தாத்தா," என்றான். அவன் சட்டைப் பையில் இருந்த போன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது.

ஆபீசில் இதைக் கேட்டதும் வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அது வெள்ளை போர்டு வண்டி பெரியவரே. வீட்டுக்குன்னு வாங்குனது. தெரிஞ்சவங்க, வேண்டியவங்க ஏறி அடிபட்டா கம்பெனி கட்டும். வாடகை வாங்கிக்கினு ஏத்துனாருன்னா, டாக்சியா ஓட்டிட்டாருன்னு கையை விரிச்சிடும். அப்புறம் மொத்தமும் வாத்தியாரு தலையிலதான்."

"நாலு கிழங்கு வாடகையா?"

"நான் சொல்லலையே. நீங்கதான சொல்லியிருக்கீங்க!"

ராபின் சார் வீடு கட்டிய கடனையே இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறவர். அவரிடம் இருந்து எப்போது வாங்குவது, இவள் காலை எப்போது சரி பண்ணுவது?

பக்கத்தில் நின்ற குமாஸ்தா ஒரு யோசனை சொன்னான். "பேசாம வாத்தியாரு உங்களுக்கு ஒண்ணுவிட்ட மச்சான்னு சொல்லிடுங்க."

"அவரு ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவரு. நான் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்துறவன். எந்த வழியில மச்சான்?"

பெஞ்சில் காலை நீட்டியிருந்த காசியம்மாள் என் பேரைச் சொல்லிச் சிரித்துவிட்டாள். "சின்னக்கண்ணுக்கு இம்மாம் படிச்ச மச்சானான்னு ஜட்ஜே சிரிச்சிடுவாங்க."

"பொய்யெல்லாம் வேணாம்," என்று வக்கீலம்மா குமாஸ்தாவை அதட்டினார். "மாட்டுனா இருக்கறதும் போயிடும்."

எனக்கு இன்னொரு சந்தேகமும் அரித்தது. சார் கம்பெனிக்காரனோடு சேர்ந்துகொண்டாரோ? கிழங்கு விஷயத்தைப் பெரிசாக்கினது அவராக இருந்தால்? கேட்டுவிடுவது என்று கள்ளக்குறிச்சியில் அவர் வீட்டுக்கே போனேன். அவர் இல்லை. அவர் வீட்டம்மா அனிட்டா உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்.

"ஏம்மா, நான் குடுத்த கிழங்கெல்லாம் வாடகைன்னு சார் யார்கிட்டயாவது சொன்னாரா?"

"கிழங்கா?" என்று அந்தம்மா சிரித்தார். "அவருக்கு சுகர், தொடக்கூடாது. எனக்கு வாயு. மாடியில குடியிருக்கறவங்க பசங்களுக்குத்தான் குடுத்துக்கினு இருந்தேன்."

"அப்ப எதுக்கு வாங்குனாரு?"

"வாங்கலன்னா நீங்க ஏறமாட்டீங்கன்னு சொன்னாருங்க. உங்க வீட்டம்மா முட்டிவலியோட மலையெறங்கி நடக்குமேன்னு வருத்தப்படுவாரு."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என்னை ஒருத்தன் ஏமாற்றினால் பொறுத்துக்கொள்வேன், பழக்கம்தான். இது என்ன மாதிரி ஏமாற்று என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் யார் மேல் கோபப்படுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து காசியம்மாளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மொத நாளு போட்டது மறுநாளும் டிக்கியில அப்பிடியே கெடக்கும். ரெண்டு மூணு வாட்டி பாத்தேன். நீ போடற அவசரத்துல கவனிக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னை நடக்க வுட்டிருப்ப."

நடக்கத்தான் விட்டிருப்பேன்.

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் என் வயசுக்கு மகன் மாதிரி. ஆனால் கேள்வியில் பிடி இருந்தது.

"வாத்தியாருக்குக் கிழங்கு குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"எதுக்கு?"

"ஏத்திக்கினு வந்ததுக்கு."

அவர் ஜட்ஜம்மா பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினார். "அப்போ அது வாடகை."

"அது நானா வெச்சிக்கினது. அவரு கேக்கல."

"எங்க ஆளுகிட்ட ஓசியில போகலன்னு சொன்னீங்களே. அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

"ரெண்டும் பொய் இல்ல. அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கிழங்கு குடுக்கலன்னா அவர் உங்கள ஏத்தியிருக்க மாட்டார். ஆமாவா, இல்லையா?"

காசியம்மாள் கீழே பெஞ்சில் கோலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ராபின் சார் சுவர் ஓரம் நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த பதில் எதுவும் என்னிடம் இல்லை. உண்மையைச் சொல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"ஏத்தியிருப்பாரு," என்றேன். "அவரு வாங்கிக்கலன்னா நான்தான் ஏறியிருக்க மாட்டேன்."

ஜட்ஜம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "பெரியவரே, அப்போ நீங்க ரெண்டு பேரும் அவர் கார்ல இலவசமாத்தான் போனீங்கன்னு பதிவு பண்ணிக்கலாமா?"

என் அப்பன் ஊர்ப் பந்தியில் கூடச் சும்மா உட்கார்ந்தவன் இல்லை. போய் விறகு பிளந்து போட்டுவிட்டுத்தான் இலை முன்னால் உட்காருவான். அப்படி வளர்ந்த உடம்பு இது. காசியம்மாள் இருந்த பெஞ்சைப் பார்த்தேன்.

"எழுதிக்குங்க," என்றேன். "ஓசிதான்."

டைப் அடிக்கிற பெண் அதை அடித்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ராபின் சாரும் கூண்டில் ஏறினார். வேகமாகத் திருப்பியது தன் தப்புதான் என்றும், யாரிடமும் எதுவும் கேட்டு வாங்கியதில்லை என்றும் சொன்னார். சில மாதம் இழுத்து, கம்பெனிதான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அப்பீலுக்குப் போனாலும் போவார்கள் என்றார் வக்கீலம்மா. எதிர்பார்த்ததுதான். ஆனால் போகவில்லை. பணம் பாங்கிக்கு வந்த பிறகுதான் நான் நம்பினேன்.

அந்த வாரம் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரைச் சரி பண்ணியிருந்தார். வாசலில் நின்றே காசியம்மாள் காலை விசாரித்தார்.

"சேலத்துல ஆப்பரேஷனு," என்றாள் அவள். "பஸ்ஸுல ஏற முடியாது. ஆட்டோவுல போனா அவ்வளோ தூரம் தாங்காது."

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். அவராகக் கேட்டு நான் ஒத்துக்கொள்வது வேறு. நானாகக் கேட்பது வேறு. என் ஆயுசில் நான் யாரையும் இப்படிக் கேட்டதில்லை.

"திங்கக்கெழம இவள ஆஸ்பத்திரியில சேக்கணும் சார். நீங்க கொண்டுபோயி வுடுவீங்களா?"

"காலையில எப்போ வரட்டும்?" என்றார்.