பலகையில் ஒரு பூட்டு

ரீஸ் நாலரைக்கு எழுந்தான். கெட்டிலைப் போட்டான். ஒரே ஒரு கோப்பையை எடுத்தான். ரொட்டியில் வெஜிமைட் தடவி நின்றபடியே தின்றான். பூட்ஸைச் சுவரில் அடித்துச் செம்மண்ணை உதிர்த்தான். ஐந்தேகாலுக்குத் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தான்.

கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றும் மூன்றாம் பெல்ட் நின்றிருந்தது. பூட்டுப் பலகையில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அதில் கிளின்ட் என்று எழுதியிருந்தது. பெல்ட்டுக்குள் இறங்குகிறவன் தன் பூட்டைத் தானே மாட்டி, வெளியே வந்து தானே கழற்ற வேண்டும். சாவி அவனிடம் மட்டும்தான். அது தொங்கும்வரை பெல்ட் ஓடாது.

சூப்பர்வைசர் ப்ராம்லி கையில் பூட்டு வெட்டும் கட்டரோடு வந்தான்.

"கிளின்ட் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டுக் கிளம்பிட்டான். கழட்ட மறந்துட்டான். வெட்டித் தர்றேன், பெல்ட்டை ஓட்டு."

"போன் பண்ணியா?"

"எடுக்கல. தூங்குறான் போல."

"அப்ப பெல்ட் முழுக்க நடந்து பாக்கணும்."

"மூணு மணி நேரம் ஆகும், மேட். எட்டு மணிக்குக் கடல் ஏத்தம். அதை விட்டா கப்பல் அரை நாள் இங்கயே கிடக்கும்."

"கிடக்கட்டும்."

"இந்த மாச டார்கெட் போச்சுன்னா உன் வேலையும் போச்சு. பொண்டாட்டி செத்தவன்னு எத்தனை நாளைக்குடா உன்னைத் தாங்குறது?"

அறையில் யாரும் நிமிரவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னும் அதே கட்டர்தான். அன்று பூட்டில் இருந்த பெயர் டெஸ். பெல்ட் ஓடியது. கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது. பிறகுதான் அவளைத் தேடினார்கள். வெட்டிய சூப்பர்வைசரை மாற்றினார்கள். கட்டரை மாற்றவில்லை.

ரீஸ் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஒன்றரை கிலோமீட்டர். பெல்ட்டுக்கு அடியில் ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்தான். திரும்பி வந்தபோது கடல் வடியத் தொடங்கியிருந்தது. கிளின்ட் போனில் இருந்தான். மறந்துவிட்டானாம், வீட்டில்தான் இருக்கிறானாம்.

"பாத்தியா? உள்ள ஒரு எலி கூட இல்ல," என்றான் ப்ராம்லி.

"ஆமா. இப்பத்தான் தெரியுது."

"கேட் பாஸை வச்சுட்டுக் கிளம்பு. டெஸ்ஸா இருந்தா வேலையை முடிடான்னு சொல்லியிருப்பா."

ரீஸ் பாஸைக் கழற்றி மேஜையில் வைத்தான். அன்று அவள் உள்ளே இறங்கியபோதும் அவன் பெல்ட்டை ஓட்டும் இதே நாற்காலியில்தான் இருந்தான். அவள் ரேடியோவில் சொன்னது வேறு.

"பூட்டு மாட்டிட்டேன், ரீஸ். இனி பயமில்ல, நீ போய்ச் சாப்பிடு."