பத்தாவது ஓவர்

ஒன்பது, ஒன்பதுதான், முதலில் ஐந்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து இரண்டு, அப்புறம் இரண்டு... ஃபைன் லெக்கில், சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி உள்ளே நின்றபடி ஸ்டீவ் மறுபடியும் கூட்டிப் பார்த்தான், எப்படிக் கூட்டினாலும் ஒன்பதே வந்தது. ஒருவர் பத்து ஓவர் போடலாம். அப்படியென்றால் அவனுக்கு ஒன்று மிச்சம். செம்பியன் போட்டுக்கொண்டிருப்பது நாற்பத்தொன்பதாவது, அதற்கடுத்தது கடைசி, அதை யார் போடுவது? பட்டினப்பாக்கம் பக்கமிருந்து கடல்காற்று வந்துவிட்டது, இந்தக் காற்றில் அவனைப் போன்ற இடக்கைக்காரன் பந்து உள்ளே வளையும், கேப்டன் ரகுபதிக்கும் அது தெரியும். இன்று தோற்றால் அணி நாலாவது டிவிஷனுக்கு இறங்கிவிடும். ரகுபதி திரும்பிப் பார்க்கிறானா, இல்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறான்... பார்க்காதே, இந்தப் பக்கம் பார்க்காதே.

போன மாதம் தி. நகரில் இப்படித்தான், எதிரணிக்குக் கடைசி ஓவரில் பதினொன்று வேண்டும், ரகுபதி பந்தை ஸ்டீவிடம்தான் கொடுத்தான், மூன்று வைடு, ஒரு நோபால், பந்து விரலை விட்டுப் போகவே மறுத்தது, தோளிலிருந்து தொங்கியது யாருடைய கையோ, பிறகு இரண்டு ஃபோர், முடிந்தது. யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டீனா மட்டும் இட்லியை வைத்துக்கொண்டே, “பதினஞ்சு வருசம் ஓடியாச்சு, நீ நின்னா யாரு அழப்போறா?” என்றாள், மனைவி கேலியாகத்தான் கேட்டாள், அவன்தான் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தான், யாரும் அழமாட்டார்கள். பதினைந்து வருடத்தில் ஒரே ஒரு சீசன் மேலே போனான், முதல் டிவிஷன் அணி ஒன்றின் வலைப்பயிற்சியில் மூன்று மாதம் பந்து போட்டான், அங்கே ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது, லெஃப்ட்டு, ஒண்ணு ஷார்ட்டா போடு, லெஃப்ட்டு, பந்தை எடுத்துக்கினு வா... வராதே என்று யாரும் சொல்லவில்லை, கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். திரும்ப இதே அணி, வாரநாளில் அடையாறில் இன்சூரன்ஸ் வேலை, ஞாயிறு பந்து. இதற்கெல்லாம் ஆரம்பம் எது? அந்த மூன்றாவது பந்து. பத்தொன்பது வயது, முதல் மேட்ச், கடைசி ஓவர், நான்கு ரன், எல்லாரும் கோதண்டபாணியைப் பார்க்கிறார்கள், அணியின் பெரிய பௌலர் அவர், அவரோ கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, “என்னுது பத்தும் முட்ஞ்சிச்சுபா, அந்தப் புள்ள கைல குடு” என்றார். மூன்றாவது பந்தில் நடு ஸ்டம்ப் பறந்தது, கடைசி விக்கெட், ஜெயித்துவிட்டார்கள். என் அதிர்ஷ்டம், அவருக்கு ஓவர் தீர்ந்துபோனது என் அதிர்ஷ்டம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்...

செம்பியன் ஓவர் முடிந்தது. எதிரணிக்கு இன்னும் ஏழு ரன் வேண்டும். ரகுபதி பந்தை மேலே போட்டுப் பிடித்தபடி வந்தான், பாதிக் கண் ஃபீல்டர்கள் மேல்.

“இன்னா ஸ்டீவு, உன்னுது பத்தும் முட்ஞ்சிச்சு இல்ல?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது, அது நீண்ட நொடி, அதில் ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது, ஸ்டீவ் இடக்கையை பேன்ட்டில் துடைத்தான்.

“முட்ஞ்சிச்சு மச்சி.”

“அப்போ அசோகன் வா. ஸ்டம்ப்புல போடு, உன் வித்தையெல்லாம் அப்பாலிக்கா காட்டு.”

“நீ கேட்ச் வுடாம இருந்தா போதும் மாமா.”

முதலில் மூச்சு வந்தது, பிறகு காது திறந்தது, சாந்தோம் கோயில் மணி, யாரோ மீன் பொரிக்கும் வாசனை, இதெல்லாம் இவ்வளவு நேரம் எங்கே இருந்தது... அசோகன் போட்டான், ஒரு ஃபோர், ஒன்று, அப்புறம் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, கடைசிப் பந்தில் இரண்டு வேண்டும், அடித்தது நேரே மேலே போனது, அதன் கீழே ரகுபதி தள்ளாடித் தள்ளாடி நின்றான், பிடித்துவிட்டான். முதலில் கத்திக்கொண்டு ஓடியவன் ஸ்டீவ்தான். நடிப்பில்லை, அசோகனைத் தூக்கியபோது நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

வேப்பமர நிழலில் ஸ்கோரர் அப்துல் கஃபார் நோட்டை விட்டுத் தலை நிமிராமல் சொன்னார், “நீ ஒம்போதுதான் போட்ட நைனா.”

“ரகுபதி பத்துன்னான் பாய்.”

“அவனுக்கு எண்ணத் தெரியாது. உனக்குத் தெரியுமே.”

அவ்வளவுதான், சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். வெட்கம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை, நனைந்த ஷூவைக் கழற்றியது போலத்தான் இருந்தது, டீனாவிடம் இன்றே சொல்லிவிடலாம், அடுத்த சீசன் பெயர் கொடுக்கப்போவதில்லை என்று... கை தன்னால் பேன்ட்டுக்குப் போனது, பாதியில் நின்றது. இந்தத் துடைப்பு. இதை எங்கே பார்த்தோம்? கோதண்டபாணி அண்ணனுக்கு அன்றைக்கு எத்தனை ஓவர்?

“பாய், நான் மொதமொத ஆடுனனே, அந்த மேட்ச் நோட்டு வெச்சிருக்கீங்களா?”

“எல்லாம் நங்கநல்லூர் வூட்லதான் கீது. இன்னாத்துக்கு?”

“சும்மா,” என்றான் ஸ்டீவ். கை காய்ந்துதான் இருந்தது.