கதவைப் பார்த்த கதிரை

1

லண்டனில் வாழும் எந்த மனிதனுக்கும் கதவைப் பார்த்தபடி உட்காரவேண்டிய தேவை இல்லை. இதைச் சட்டத்தின் துணையோடும் என் சொந்த முதுகின் துணையோடும் இந்தக் கதையில் நிறுவப்போகிறேன். நிறுவியபின், எங்கள் ஆட்கள் உணவகங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் சுவரோரக் கதிரைக்காகச் செய்துவரும் மெல்லிய தள்ளுமுள்ளு அடியோடு ஒழியும். பல்கலைக்கழகத் தமிழ் மன்ற இதழில் நகைச்சுவைப் பக்கம் எழுதுகிறவனுக்கு இது பெரிய பொறுப்பு. ஏற்றுக்கொள்கிறேன்.

கதை பிறந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மோர்டனில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் பந்தை உருட்டிப் பின்களை விழுத்தும் ஒரு போலிங் மண்டபம் இருக்கிறது. இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கதிரையில் கை வைத்தார்கள். ஒருவர் என் அப்பா, யோகலிங்கம். மற்றவள் றஜீனா.

[றஜீனாவை இதைவிட நன்றாக அறிமுகம் செய்யவேண்டும். முயல்கிறேன்.]

2

முதல் வரைவு: "றஜீனா லண்டனின் மறுகோடியில், கிங்ஸ்பரியில் வளர்ந்தவள். என்னோடு படித்தவள். எனக்கு முன்பே படிப்பை முடித்து, ஹூஸ்டனில் சித்தப்பா றெஜினோல்டின் பல் வைத்தியசாலையில் ஒரு வருட வேலைக்குப் போய், இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறாள்." எல்லாத் தகவலும் சரி. விசா விண்ணப்பம் போல இருக்கிறது.

இரண்டாவது வரைவு: "றஜீனா சிரிக்கும்போது அவளுடைய இடது"

வேண்டாம்.

மூன்றாவது: "அவள் இல்லாத அந்த வருடம், கிங்ஸ்பரி வழியாகப் போகத் தேவையே இல்லாத இடங்களுக்கெல்லாம் நான் கிங்ஸ்பரி வழியாகப் போனேன்." இது நகைச்சுவைப் பக்கத்துக்குப் பொருந்தாது. வெட்டிவிடுகிறேன்.

[வெட்டவில்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது. பேசாமல் வாசியுங்கள்.]

3

அன்று மழை. அப்பா எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டார். விட்டவர் போகவில்லை. உள்ளே வந்தார். ஆனால் விளையாடமாட்டாராம். போலிங் விளையாடக் காலில் போட்டிருக்கும் சொந்தச் சப்பாத்தைக் கழற்றிக் கவுண்டரில் கொடுத்து, அவர்களுடைய சப்பாத்தை வாங்கிப் போடவேண்டும். அப்பா தன் சப்பாத்தை எந்தப் பொது இடத்திலும் எவர் கையிலும் கொடுத்ததில்லை. ஓடவேண்டி வந்தால்? கோயிலில் என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். வாசலில் நிற்கிறார்.

எங்களுக்குக் கொடுத்த மேசையில் ஒரு கதிரைதான் சுவருக்கு முதுகைக் கொடுத்துக் கதவைப் பார்த்தது. அதன் சாய்மானத்தில் அப்பாவின் கையும் றஜீனாவின் கையும் சேர்ந்தே விழுந்தன.

"நீர் இரும் பிள்ளை."

"இல்லை, நீங்க இருங்கோ அங்கிள்."

சொன்னார்களே தவிர, இருவரும் கையை எடுக்கவில்லை. மரியாதை காரணமாக இவ்வளவு இறுக்கமாக ஒரு கதிரையைப் பிடித்த இருவரை நான் முன்பு கண்டதில்லை. கடைசியில் அப்பா பக்கத்து மேசையிலிருந்து இன்னொன்றை இழுத்து வந்து, அதையும் சுவரோடு போட்டார். இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள். நான் எதிரே, கதவுக்கு முதுகு காட்டி, ராசா போல.

எனக்கு நல்ல புழுகம், சந்தோஷம் தாங்கவில்லை. நகைச்சுவைப் பக்கத்துப் பகிடிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஏன் இப்படி என்று அப்பாவைக் கேட்டேன். அவர் எப்போதும் சொல்வதையே சொன்னார்.

"இதில இருந்தா ஆர் வாறது தெரியும்."

"அப்பா, இது லண்டன். இஞ்ச ஆரும் வரமாட்டினம்."

அப்பாவுக்குச் சப்பாத்தையும் கதவையும் கற்றுக்கொடுத்தது யாழ்ப்பாணம். எந்த இரவு, எந்தக் கதவு என்று அவர் சொன்னதில்லை. நானும் இந்தக் கதைக்காக ஒன்றை இட்டுக்கட்டப்போவதில்லை. ஆனால் றஜீனா? கிங்ஸ்பரியில் பிறந்தவளுக்கு எந்தக் கதவு?

அவள் சித்தப்பாவின் ஷேர்ட்டைப் பற்றிச் சொன்னாள்.

ஹூஸ்டனிலும் சனிக்கிழமைகளில் குடும்பமாகப் போலிங் போவார்களாம். காரை நிறுத்தியதும் சித்தப்பா இறங்கமாட்டார். முதலில் மண்டபக் கதவில் 'கைத்துப்பாக்கிக்கு அனுமதி இல்லை' என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று எட்டி வாசிப்பார். இருந்தால், இடுப்பில் உள்ளதைக் கழற்றிக் காருக்குள் பூட்டிவைத்து, ஷேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு இறங்குவார். இல்லையென்றால், இடுப்பில் உள்ளது இடுப்பிலேயே இருக்கும், ஷேர்ட் வெளியே தொங்கி அதை மூடும்.

"அப்ப உள்ளுக்க போய் முதல் என்ன பாப்பன் சொல்லுங்கோ அங்கிள்? ஆற்ற ஷேர்ட் வெளியில தொங்குதெண்டு."

அப்பா யோசித்தார். "போர்ட் வாசிக்கத் தெரியாதவன் வந்தா?"

"வாசிக்கத் தெரிஞ்சவனும் வரலாம்தானே."

அப்பா தலையசைத்தார். என் வாழ்நாளில் என்னோடு ஒரு விஷயத்தில்கூட அவர் அவ்வளவு முழுமையாக உடன்பட்டதில்லை.

அன்று மூன்று ஆட்டம் விளையாடினோம். ஒவ்வொரு முறையும் நான் திரும்பி வந்து உட்காரும்போது றஜீனா என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத்தான் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது. அவள் என் தோளுக்கு மேலால் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

4

இனிச் சட்டம்.

இந்தக் கதையில் ஒரு கைத்துப்பாக்கி வரவேண்டும் என்றுதான் முதலில் திட்டமிட்டேன். ஷேர்ட் வெளியே தொங்கும் ஒருவன், மோர்டன் பக்கத்து மண்டபம், ஒரு திருப்பம். நடக்காது. இந்த நாட்டில் சாதாரண மனிதன் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. மறைத்தும் முடியாது, காட்டியும் முடியாது, போலிங்குக்கும் முடியாது. பொம்மைத் துப்பாக்கியைக்கூடத் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டு திரிவது குற்றம். சிறுகதை எழுதுவது தகுந்த காரணமா என்று கேட்க ஒரு சொலிசிட்டர் வேண்டும். அவருக்குக் கட்டணமாகக் கொடுக்க என்னிடம் இந்தக் கதைதான் இருக்கிறது.

[றெஜினோல்ட் வாழும் ஊரின் சட்டம் வேறு. அதிலும் பல விலக்குகள் உண்டு. என் எழுத்தை நம்பி எவரும் ஹூஸ்டனில் எதையும் இடுப்பில் செருகவேண்டாம்.]

ஆகவே நிறுவியாயிற்று. துப்பாக்கி இல்லை, ஆகவே பயம் இல்லை, ஆகவே கதவைப் பார்க்கவேண்டியதில்லை. வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

5

முடியவில்லை. ஏனென்றால் ஆட்டம் முடிந்ததும் அப்பா காரை எடுத்து வரப் போனார்.

றஜீனா வாடகைச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா நிரந்தர வேலை தருவதாகச் சொல்லிவிட்டாராம். திரும்பிப் போகும் டிக்கெட்டும் இருக்கிறதாம்.

"இந்தமுறை போனா அங்கதான், யது."

என் பெயர் யதுசன். அவள் மட்டும்தான் அதை அப்படி நடுவில் நிறுத்துவாள்.

நான் ஏதோ பகிடி விட்டேன். என்ன பகிடி என்று எழுதமாட்டேன், அது நல்ல பகிடி என்பதுதான் பிரச்சினை. அவள் சிரிக்கவில்லை.

"பகிடி இல்லாமல் ஒரு வசனம் சொல்லு. ஒண்டே ஒண்டு. ஏலுமா உனக்கு?"

ஏலும் என்றுதான் நினைத்தேன். அப்போது நான் சொல்ல முயன்றவற்றை இங்கே முழுமையாகத் தருகிறேன்:

"றஜீனா, நீ"

"நீ போனா எனக்கு"

"அங்க போய் ஒவ்வொரு கதவா"

சொன்னது என்னவோ இதுதான்: "பிரித்தானியச் சட்டப்படி உன்ர சித்தப்பா இஞ்ச ஷேர்ட்டை உள்ளுக்க விட்டுத்தான் போலிங் விளையாடவேணும்."

அவள் சப்பாத்தைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்தாள். வெளியே அப்பா ஹோர்ன் அடித்தார். வீடு போய்ச் சேரும்வரை அவளும் அப்பாவும் குளிர்காலத்தில் காருக்குப் போடும் வின்ரர் ரயரைப் பற்றிப் பேசினார்கள்.

6

நீங்கள் தேர்ந்தெடுப்பதற்காகச் சில முடிவுகள்.

ஒன்று. அவள் போகவில்லை. இதே மண்டபத்துக்கு வருகிறாள், பந்தை உருட்டுகிறாள், எல்லாப் பின்களும் விழுகின்றன, நாங்கள் கட்டிப்பிடிக்கிறோம். இதை எழுதிப் பார்த்தேன். காப்புறுதி விளம்பரம் போல வந்தது.

இரண்டு. அவள் போகிறாள். ஹூஸ்டனில் சித்தப்பா றெஜினோல்ட், ஷேர்ட்டை வெளியே தொங்கவிட்டபடி, அவளுக்குக் கார்க் கதவைத் திறக்கிறார். "சீற் பெல்ட் போடு பிள்ளை," என்கிறார், "ரோட்டில கவனமா இருக்கவேணும்." அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு மண்டபத்தில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எதிரே ஆர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்த முடிவு நன்றாக எழுத வருகிறது. அதனால்தான் பிடிக்கவில்லை.

மூன்று. நான் போன கிழமை அவளுக்கு போன் எடுத்தேன்.

[இது முடிவு இல்லை. நடந்தது.]

"சனிக்கிழமை போலிங்குக்கு வாறியா?"

"சனிக்கிழமை எனக்குப் பிளைட்."

"தெரியும்."

அவள் பதில் சொல்வதற்குள் எனக்கு இரண்டு பகிடிகள் வந்தன. இரண்டையும் விழுங்கினேன்.

"பாப்பம்," என்றாள்.

எங்கள் ஆட்களின் 'பாப்பம்' என்பதற்கு ஓம் என்றும் அர்த்தம் உண்டு, இல்லை என்றும் உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் கடன் கேட்டாலும் அதே சொல்தான்.

7

இன்று சனிக்கிழமை. இதை அந்த மண்டபத்தில் இருந்துதான் எழுதுகிறேன். அவளுடைய பிளைட் மாலையில். இப்போது அவள் கிங்ஸ்பரியிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருக்கலாம், அல்லது மோர்டனுக்கு. நான் வாடகைச் சப்பாத்து வாங்கவில்லை. என்னுடையதைக் காலிலேயே வைத்திருக்கிறேன். எழுந்து ஓடவேண்டி வந்தால்.

வந்தபோது எங்கள் பழைய மேசை காலியாக இருந்தது. மேசையைச் சுற்றி நாலு கதிரைகள். எதில் உட்காருவதென்று கனநேரம் யோசிக்கவில்லை; சுவரோரக் கதிரையின் சாய்மானத்தில் கை வைத்தேன். உட்காருமுன் வேலை செய்யும் பெடியன் வந்து அதைப் பக்கத்து மேசைக்கு எடுக்கலாமா என்று கேட்டான். நான் மரியாதையாக, கையை எடுக்காமல், வேறொன்றைக் கொடுத்தேன்.

சுவர் முதுகில் குளிர்கிறது. கதவு நேரே தெரிகிறது. ஒரு பிறந்தநாள் கூட்டம் வந்தது. ஒரு தாயும் மகளும் வந்தார்கள். குடையை மடக்கியபடி ஆரோ வந்து, தலையை நிமிர்த்த, வேறு ஆளாகிப் போனார்.

முடிவு கேட்கிறீர்கள். எனக்கு எதிர்க் கதிரையில், கதவுக்கு முதுகு காட்டி இருக்கிறீர்கள், உங்களுக்கு எதுவும் தெரியாதுதான். வேண்டுமானால் நீங்களே திரும்பிப் பாருங்கள்.

உங்களோடு பேசும்போது உங்கள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும் மன்னியுங்கள்.