ஐந்தாவது கதவு

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி நாலாவது வீடு சந்திரம்மாளுடையது. பின்கட்டில் மூன்று அறைகள் கட்டி, ஊருக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. எத்தனையோ பேருக்கு மெத்தை உதறிப் போட்டவள், இன்னொருவர் உதறிப் போட்ட மெத்தையில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. வெளியூர் என்றால் கீழ்பென்னாத்தூரில் நாத்தனார் வீடு. அங்கே போனதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைய வேண்டியதுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில், பெங்களூரிலிருந்து வழக்கமாக வந்து தங்கும் ராமகிருஷ்ணன் அவளுக்குப் பந்திப்பூர் காட்டைப் பற்றிச் சொன்னார். போவதானால் சித்திரையில் போக வேண்டுமாம். மழைக்காலத்தில் காடு முழுக்கப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். யானை எங்கே வேண்டுமானாலும் குடித்துக்கொள்ளும். வெயில் ஏற ஏறச் சின்னப் பள்ளங்கள் வற்றி, பெரிய குளங்களில் மட்டும் தண்ணீர் மிஞ்சும். அப்போது குளத்தைப் பார்க்க உட்கார்ந்தால் போதும், யானை தானே வந்து சேரும். காட்டை ஒட்டி ஒரு சின்ன விடுதி இருக்கிறது, சமையலுக்கு ஆள் உண்டு என்றும் சொன்னார். யானையைவிட இதுதான் சந்திரம்மாள் மனசில் நின்றது.

"ரெண்டு ராத்திரிங்க," என்றாள் கணவர் வேடியப்பனிடம். "ஒரு துரும்பக்கூட நான் கிள்ளிப் போட மாட்டேன்."

வேடியப்பன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பயணத்தை அவர் வகுத்தார். விடியற்காலையில் கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர், அங்கிருந்து மைசூர், மைசூரிலிருந்து ஊட்டி பஸ். அது காட்டுக்குள்ளேயே போவதால் விடுதி வாசலில் இறங்கிக்கொள்ளலாம். விடுதிக்குக் கார்டு எழுதுவது சந்திரம்மாள் வேலை. ராமகிருஷ்ணன் கொடுத்த மைசூர் விலாசத்துக்குத் தேதியைக் குறிப்பிட்டு எழுதிப் போட்டாள்.

செங்கம் ரோட்டு வீடுகளில் ஒரு வழக்கம். வருகிறேன் என்று யாராவது கார்டு போட்டால், இடம் இருந்தால் பதில் எழுதுவதில்லை. இல்லாவிட்டால்தான் 'இடமில்லை' என்று ஒரு கார்டு போகும். இருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு கார்டு எதற்கு? வருகிறவர்களுக்கும் இது பழகிப்போயிருந்தது.

இருபது நாளாகியும் மைசூரிலிருந்து பதில் இல்லை.

"பதில் வரல. அப்டின்னா ரூம் இருக்குது," என்றாள் சந்திரம்மாள்.

"எதுக்கும் இன்னொரு கார்டு போடேன்."

"போட்டா, இந்தம்மா நம்மள நம்பலியானு நெனப்பாங்க."

பக்கத்து வீட்டு உண்ணாமலையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு விடுதி வாசலில் இறங்கினார்கள். மேனேஜர் ராஜேந்திரன் கூடலூர்க்காரர், தமிழ் பேசினார். ஒரு தாளை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார்.

"உங்க பேரு இல்லீங்களே."

"கார்டு போட்டேனே."

"பதில் வந்துச்சா?"

"வரல. அதனாலதான் வந்தோம்."

ராஜேந்திரன் வேடியப்பனைப் பார்த்தார். வேடியப்பன் மரத்தைப் பார்த்தார்.

ராஜேந்திரன் பொறுமையாக விளக்கினார். பதிவெல்லாம் மைசூரில் முதலாளியின் கடையில் நடக்கிறது. 'இடம் உண்டு' என்று பதில் போனவர்களின் பெயர் மட்டும் தாளில் ஏறும். அந்தத் தாள் தினமும் காலை பஸ்ஸில் டிரைவர் கையில் வந்து சேரும். இன்றைக்கு நாலு அறைக்கும் ஆள் வந்தாயிற்று.

"மைசூர் பஸ் அரை மணியில வரும். குண்டல்பேட்டையில எறங்கினா லாட்ஜ் இருக்கு."

"லாட்ஜ் எதுக்கு?" வேடியப்பனுக்கு முகம் தெளிந்தது. "சித்தப்பா மருமவன் அங்கதான் செங்கல் சூளையில இருக்கான். போனா சந்தோஷப்படுவான்."

"அவன் படுவான். அவம் பொண்டாட்டி, 'வாக்கா, ரெண்டு வெங்காயம் அரிஞ்சு குடு'ம்பா," என்றாள் சந்திரம்மாள்.

பையைக் கீழே வைத்துவிட்டு விடுதியை ஒரு தடவை நோட்டம் விட்டாள்.

"நாலு ரூம்னீங்க. கதவு அஞ்சு இருக்குதே?"

"அதுல குழாய் ரிப்பேருங்க. யாருக்கும் குடுக்கறதில்ல."

"எங்க வீட்டு மூணாவது ரூம்ல ஜன்னலுக்குக் கொக்கி இல்ல. சொல்லாம கொள்ளாம வர்றவங்களுக்குனே அப்படி வச்சிருக்கேன். கொக்கி போட்டுட்டா அதுவும் நெறஞ்சிடும். நீங்களும் அதுக்குத்தான வச்சிருக்கீங்க?"

ராஜேந்திரன் சிரித்துவிட்டார். "நீங்களும் இந்தத் தொழிலாம்மா?"

"பதினோரு வருஷமா."

"இருக்கற வரைக்கும் தண்ணிய நீங்கதான் பக்கெட்ல புடிச்சிக்கணும். பரவால்லியா?"

சந்திரம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அவரு புடிப்பாரு," என்றாள்.

வேடியப்பன் பக்கெட்டோடு நாலு நடை நடந்தார். சாப்பாடு வந்தது. மெத்தையில் யாரோ உதறி விரித்த விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இருந்தது. அதன்மேல் படுத்தவள் வேடியப்பன் ஏதோ கேட்டு முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். காலையில் பெருக்க வந்த பெண்ணைக் கண்டதும் சந்திரம்மாள் கை தானாக விளக்குமாற்றுப் பக்கம் நீண்டது.

"துரும்பு," என்றார் வேடியப்பன் கட்டிலிலிருந்து.

கையை மடக்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் குளத்துக்கு ஒரு யானை குட்டியோடு வந்து, கால் மணி நேரம் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

ஊர் திரும்பியபோது உண்ணாமலை சாவியோடு இரண்டு கார்டுகளைக் கொடுத்தாள். ஒன்று மைசூரிலிருந்து, அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் முத்திரையோடு வந்திருந்தது. வேடியப்பன் படித்தார்: "'அந்தத் தேதியில் இடமில்லை. மன்னிக்கவும்.' நல்ல வேள, லேட்டாப் போட்டிருக்காங்க."

"பாத்தீங்களா, இல்லனாதான் அவங்களும் கார்டு போடறாங்க. நம்ம வழக்கம்தான் சரி," என்றாள் சந்திரம்மாள்.

இன்னொன்றில் ராமகிருஷ்ணன், அடுத்த வாரம் வருவதாக எழுதியிருந்தார். அதை ஆணியில் குத்தப் போனவள் நின்றாள். மேஜையிலிருந்து புதுக் கார்டு ஒன்றை எடுத்து, 'ரூம் இருக்குது, வாங்க' என்று எழுதினாள்.