பொன்னுருக்குக்கு முதல் ஒரு றிவேர்ட்

மானிப்பாயில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கணினி அலுவலகம், சாதகப் பொருத்தம் பார்க்கும் செயலி ஒன்றை நடத்தியது. அங்கு நிரல் எழுதிய செந்தூரன் பெரிதாகப் பிழைவிட்டவன் அல்ல. காதலித்த பிறகுதான் விட்டான்.

அவனுக்குச் செவ்வாய்க் குற்றம், பிரசாந்திக்கு இல்லை. அவளின் தகப்பன் பரமலிங்கம், உடுவிலில் வெங்காயம் செய்பவர், கைப்பேசியில் இதே செயலியை வைத்திருந்தார். அதனால் செந்தூரன் செவ்வாயைப் பார்க்கும் வரிகளை அணைத்துவிட்டான். தன் சாதகக் குறிப்புக்கு மட்டும் என்றுதான் நினைத்தான். அவசரத்தில் அணைந்தது வலிகாமப் பகுதி முழுவதற்கும். "சின்னத் திருத்தம்" என்று எளிமையாக எழுதிச் சேமித்தான். அடுத்த கிழமை அவள் வீட்டிலிருந்து பொருந்துது என்று சொல்லியனுப்பினார்கள். தாலிக்குப் பொன்னுருக்க வெள்ளிக்கிழமை நாள் வைத்தாயிற்று. தன் கெட்டித்தனத்தை அவன் தானே மெச்சிக்கொண்டான்.

புதன்கிழமை கலியாணத் தரகர் ஒருவர் படியேறி வந்தார். கொஞ்ச நாளாக ஆரின் குறிப்பும் ஆரோடும் பொருந்துகிறதாம். தனக்கு இனி என்ன வேலை என்று கேட்டார்.

பொறுப்பாயிருந்த லவீனா, நிரலின் மாற்றங்களைக் காத்துவைக்கும் 'கிட்' என்ற மென்பொருளைத் திறந்தாள். எந்த வரியை ஆர் மாற்றினது என்று அது பெயரோடு வைத்திருக்கும்.

"தம்பி, உந்தச் சின்னத் திருத்தம் ஆற்றை சாதகத்துக்கு?"

அந்தப் பதிவையே அழித்துவிட்டால் என்ன என்று அவன் மெல்லக் கேட்டான்.

"அழியாதை. றிவேர்ட் பண்ணு, பழையபடி ஆக்கு. நீ விட்ட பிழையும் இருக்கட்டும், திருத்தினதும் இருக்கட்டும்."

பண்ணினான். செவ்வாய் பழைய இடத்திலேயே வந்து குந்தியது. தன் குறிப்பையும் பிரசாந்தியின் குறிப்பையும் போட்டுப் பார்த்தான். சிவப்பு எழுத்தில் "பொருந்தாது".

பரமலிங்கம் திறந்து பார்க்க முதல் தானே சொல்லிவிடுவோம் என்று சைக்கிளை எடுத்தான். அவர் வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு, மண்வெட்டியை விடாமலே முழுவதையும் கேட்டார்.

"உந்தச் செயலியை நான் திறந்தே பாக்கேல்லை. இணுவில் சாத்திரியாரிட்டைப் போனன். பொருந்தாது எண்டார். பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடேல்லை. பிறகு சுன்னாகத்தாரிட்டைப் போனன்."

"அவர் என்ன சொன்னவர், மாமா?"

"அவரும் அப்பிடித்தான். கோண்டாவிலார்தான் நல்ல மனிசன்."

செந்தூரன் வெள்ளிக்கிழமை வரலாமோ என்று கேட்டான். பொன் வாங்கியாயிற்று, வராமல் என்ன செய்யப்போகிறாய் என்றார் அவர். அடுத்த பாத்திக்கு வாய்க்காலை வெட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப மற்ற ஆக்களுக்கும் பழையபடி ஆக்கிப்போட்டியோ?"

"ஓம் மாமா."

"பாவம் அதுகள்," என்றார் பரமலிங்கம்.