அன்னபூரணி அம்மாள் பதில் போடாத கேள்வி

1

இந்தக் கதை, 1943ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு பெண்ணின் கடிதத்திலிருந்து நான் அடித்துவிட்ட நான்கு வரிகளில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சாமர்த்தியமாக இருக்கும். இந்த விஷயத்துக்குச் சாமர்த்தியம் ஆகாது.

அப்போது நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். ‘தாய்மார் பக்கம்’ என் பொறுப்பு. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும் எழுதிக் கேட்பார்கள்: கெண்டைக்கால் இழுக்கிறது, நெஞ்சு கரிக்கிறது, குழந்தை பொழுது சாய்ந்தால் வீரிட்டு அழுகிறது. அன்னபூரணி அம்மாள் பதில் சொல்வாள்.

அன்னபூரணி அம்மாள் நான்தான். வயது இருபத்தெட்டு, கலியாணம் ஆகவில்லை. என்னிடம் இருந்தவை ஒரு வைத்தியப் புத்தகம், பழைய பதில்களின் கட்டு, கனிவான ஒரு நடை.*

* கனிவான நடை பழகுவது எளிது. ‘மகளே’ என்று ஆரம்பித்தால் மீதி தானே வரும்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

வெள்ளாற்றில் தண்ணீர் வடிந்து மணல் தெரிந்த ஒரு காலையில் மலர்க்கொடி தன் வீங்கிய கால்களை —

நிறுத்திவிட்டேன். அந்தக் காலையை நான் பார்க்கவில்லை. இன்னொன்று:

மலர்க்கொடி ஒல்லியானவள். சிரிக்கும்போது —

இதுவும் ஆகாது. அவளை நான் பார்த்ததே இல்லை. [ஒரு முகம் கொடுத்தால் வாசகருக்கு இரக்கம் கூடும். அப்படிக் கூட வேண்டாம்.] எனக்குத் தெரிந்தது அவளுடைய கையெழுத்து மட்டும். கீரப்பாளையத்திலிருந்து, கோடு போட்ட நோட்டுத் தாளில், இரண்டு பக்கமும் பென்சிலால் எழுதியிருந்தாள். எட்டாம் மாசம், தலைப்பிள்ளை. இடுப்பு வலி, புளித்த ஏப்பம், தூக்கமில்லாமை, மெட்டியைக் கழற்ற முடியாதபடி கால் வீக்கம் என்று பதினோரு தொந்தரவுகள். நடுவில், மற்றவற்றைவிட அழுத்தி எழுதாமல், இது:

“மூணு நாளா மண்டை இடி. கண்ணு முன்ன மின்மினியாட்டம் பறக்குது. வெயில்ல நின்னதாலன்னு எங்க நாத்தனார் சொல்றாங்க. நீங்க என்னா சொல்றீங்க அம்மா?”

3

யுத்தத்தால் காகிதம் கிடைக்கவில்லை. எட்டுப் பக்கப் பத்திரிகை நாலு பக்கமாகியிருந்தது. அச்சுக் கோக்கும் ராமாமிர்தம் மசிக் கையோடு வந்து நின்றார்.

“சார், உங்க அம்மா பேச்சு ஜாஸ்தி. நாலு வரி இடிக்குது.”

“சின்ன எழுத்துல போடுங்களேன்.”

“சின்ன எழுத்தெல்லாம் பஞ்சாங்கம் அச்சடிக்கப் பூடுச்சி. புள்ளத்தாச்சி ஒருத்திக்கு இம்மாம் வியாதியா? வெட்டுங்க சார்.”

வெட்டினேன். தலைவலிக்கு முந்தின வாரம்தான் வேறொருத்திக்குப் பதில் போட்டிருந்தோம். அதனால் அந்த வரிகளை எடுத்தேன். காரணம் அவ்வளவுதான். [இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் கதைக்கு நல்லது. இல்லை.] கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னேன், பார்லிக் கஞ்சி குடிக்கச் சொன்னேன், தலையணைமேல் காலை நீட்டிப் படுக்கச் சொன்னேன். ‘இது எல்லாருக்கும் வருவது, அஞ்சாதே’ என்று முடித்தேன்.

4

வைகாசியில் அதே ஊரிலிருந்து வேறு கையெழுத்தில் ஒரு கடிதம். எழுதியவள் அந்த நாத்தனார், சௌந்தரம். மலர்க்கொடி வலிப்பு கண்டு பிரசவத்தன்றே போய்விட்டாள். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. “நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம செஞ்சா. இப்ப கொழந்த பால் கக்குது, சாயங்காலமானா அழுவுது. நீங்கதான் வழி சொல்லணும்.”

இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் மாசிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“கால் வீக்கம் மட்டும்னா பார்த்துக்கலாம். மண்டை இடியும் கண்ல பூச்சியும் சேர்ந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கணும்” என்றார். பிறகு, “வந்திருந்தா கட்டாயம் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்லலை.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஆறு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

5

ரயிலில் சிதம்பரம், அங்கிருந்து மாட்டு வண்டியில் கீரப்பாளையம். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். வாசலில் நின்றதும், “அன்னபூரணி அம்மாள் அனுப்பினாங்க” என்று வாயில் வந்தது.

மலர்க்கொடியின் கணவர் சடையப்பன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். சௌந்தரம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள்.

“அம்மா வரலீங்களா? வயசானவங்களா?”

“ஆமாம்.”

“எத்தினி புள்ளைங்க அவுங்களுக்கு?”

“நாலு” என்றேன்.

“பாத்தியா அண்ணே? பெத்தவங்க எழுத்துன்னு நான் சொல்லல? எங்கண்ணன் இருக்குதே ஐயா, யாரோ மீசக்காரன் பீடி குடிச்சிக்கினு எழுதுறான்னு கேலி பண்ணும். அவகிட்ட பந்தயமே கட்டுச்சு.”

சடையப்பன் லேசாகச் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஒண்ணு கேக்கணும் ஐயா. மண்டை இடி, கண்ணு மின்னுறது, அதையும் சேத்துதான் எழுதுனா. பேப்பர்ல அதுக்கு மட்டும் பதில் வரல. வண்டி கட்டறேன், புவனகிரி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்னேன். ‘அம்மா ஒண்ணும் சொல்லலியே மாமா, அப்ப பெருசா இருக்காது’ன்னுட்டா. நானும் வுட்டுட்டேன்.” நிமிர்ந்து என்னைப் பார்த்து, “வுட்டுருக்கக் கூடாதில்ல?” என்றார்.

மூன்று மாதமாக அந்த மனிதர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதை அவரிடமிருந்து எடுத்துவிடக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

6

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். சடையப்பன் என் சட்டையைப் பிடிக்கிறார். [பிடித்தால் எனக்குப் பாரம் குறையும். அதனாலேயே இதை நம்ப வேண்டாம்.]

முடிவு இரண்டு: கடிதம் தபாலில் நனைந்து அந்த வரிகள் கரைந்துபோயின என்கிறேன். யார் மேலும் பழி இல்லை. மூன்று பேரும் மழையைத் திட்டி — மாசியில் ஏது மழை? அதுவும் பென்சில் எழுத்து.

முடிவு மூன்று: வாயைத் திறக்காமல் திரும்புகிறேன். அடுத்த வாரமும் அன்னபூரணி அம்மாள் ஆறுதல் சொல்கிறாள். சடையப்பன் அந்தக் கேள்வியோடு கிழவராகிறார்.

இவற்றில் ஒன்று நடந்தது, அல்லது இவை எதுவும் இல்லாத ஒன்று. எழுத உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் பேனா என் பக்கமே சாய்கிறது. ஆகவே எழுதப்போவதில்லை.

உறுதியாக எழுதக்கூடியது இவ்வளவுதான். சடையப்பன் நின்றுகொண்டிருந்தார். சௌந்தரம் குழந்தையை நீட்டினாள்.

“அழுவ ஆரம்பிக்கறதுக்குள்ள நீங்களே பாத்துடுங்க ஐயா. இது சும்மா கக்குறதா, வேற எதுனாவா? பாத்தவங்க சொன்னாத்தான் அம்மாவுக்குப் புரியும்.”

இங்கே நான் எழுந்துகொள்கிறேன். நாற்காலி காலி. நீங்கள் உட்காருங்கள். குழந்தையை வாங்கும்போது தலைக்கு அடியில் கை கொடுங்கள். கழுத்து இன்னும் நிற்கவில்லை.