அமெரிக்காவில் ஒரு சொந்த மைதான ஆட்டம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் இறைச்சியைப் பரிசாக வைக்கும் சீட்டுக் குலுக்கல். சாசேஜும் ஆட்டுத் துண்டமும் அடுக்கிய தட்டு மேடையில் காத்திருக்க, ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் மெர்வ் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெர்வ் அமெரிக்காவிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அங்கே நடந்த ஆட்டத்தை நாலு தடவை சொல்லி முடித்துவிட்டார் என்பது அதே மேசையிலிருந்த நோலீனின் கணக்கு. ஒவ்வொரு தடவையும் கூட்டம் இன்னும் பத்தாயிரம் பேர் கூடியது என்பதும் அவள் கணக்குதான்.

"மைதானமே நம்மளுது மாதிரி இல்ல. அகலம் கம்மி. ரெண்டு பக்கமும் யாரோ பிடிச்சு மடிச்சு விட்ட மாதிரி. நம்ம பய ஓரமா ஓடலாம்னு போறான், ஓரம் அவனுக்கு முன்னாடியே வந்து நிக்குது" என்றார் மெர்வ். மேசை குலுங்கச் சிரித்தார்கள். "வாசல்ல ஒரு அமெரிக்காக்காரன், ஹெல்மெட் எங்கன்னு கேக்குறான். தலைக்குள்ள ஏதாவது இருந்தாத்தானப்பா வெளிய போட்டு மூடணும்னேன்."

நோலீனும் சிரித்தாள். வாய் மட்டும்தான் சிரித்தது.

கதை போன வருஷக் கடைசியில் தொடங்கியது. மெர்ரிடேல் பெலிகன்ஸ் அணிக்கு ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் பன்னிரண்டு ஆட்டம். அதில் ஒன்றை அமெரிக்காவில் நடத்தப் போகிறோம் என்று, டை கட்டாத கோட்டுக்காரர் ஒருவர், கிளப்பின் தலைமை நிர்வாகியாம், ஊர் மண்டபத்துக்கு வந்து அறிவித்தார். ரக்பி லீக்கை உலகத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். "இன்னும் பத்து வருஷத்துல அமெரிக்காவுல ஒவ்வொரு பையன் கையிலயும் ஒரு முட்டைப் பந்து இருக்கும்!" என்று அவர் கையை விரித்தபோது நோலீன் எழுந்து, "அவங்க ஃபுட்பால்னு ஆடுறதே ஒரு முட்டைப் பந்தைத்தானேப்பா, அதை என்ன செய்யச் சொல்றே?" என்று கேட்டாள். மண்டபம் கைதட்டியது. கோட்டுக்காரர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

கைதட்டல் கிடைத்ததே தவிர ஆட்டம் நிற்கவில்லை. நோலீனின் கவலை அமெரிக்கப் பையன்களைப் பற்றியதும் இல்லை. இருபத்தேழு வருஷமாக அவள் ஒரு சொந்த மைதான ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. முன்னூற்றுப் பதினேழு. மகள் கல்யாணத்தையே எதிரணி ஊரில் ஆட்டம் இருந்த வாரத்தில்தான் வைத்தாள். இதே முன்னூற்றுப் பதினேழு இன்னொருவருக்கும் உண்டு: மெர்வுக்கு. மைதானத்தில் பார்வையாளர் உட்காரும் மேட்டில் ஏழாவது வரிசையில் நோலீன், நடுவில் மெர்வ் மனைவி ஐரிஸ், அந்தப் பக்கம் மெர்வ். மூன்று வருஷத்துக்கு முன் ஐரிஸ் போய்ச் சேர்ந்தபின் அவள் பின்னிய குட்டி இருக்கை மெத்தை மட்டும் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நீலமும் வெள்ளையுமாக, நடுவில் ஒரு பெலிகன். அலகு கொஞ்சம் அகப்பை மாதிரி வந்துவிட்டது. வந்தவர்கள் யாரும் அதை நகர்த்தச் சொன்னதில்லை.

இந்தப் பருவத்தில், அதிக ஆட்டங்களுக்கு விடாமல் வந்தவருக்கு ஏழாவது வரிசையில் பெயர் பொறித்த பித்தளைத் தகடு என்று ரசிகர் சங்கம் முடிவுசெய்தது. இரண்டு பேர் என்றால் இரண்டு தகடு. ஆனால் அமெரிக்க ஆட்டம் கணக்கில் வருமா? சங்கச் செயலாளர் ஃபாதி, நாற்பது வயது, நல்ல பையன், மூன்று நாள் தலையைச் சொறிந்துவிட்டு வந்து சொன்னான்: "ஸ்கோர் போர்டுல நம்ம பேருதான் முதல்ல வருது ஆன்ட்டி. அப்ப அது சொந்த மைதான ஆட்டம்தான்."

"கடலுக்கு அந்தாண்ட எனக்கு ஒரு சொந்த மைதானமா? அப்படியே என் சமையக்கட்டும் அங்க எங்கயாவது இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"ரூல் ஆன்ட்டி, நான் என்ன பண்ண?"

நோலீனுக்கு முந்தின வருஷம்தான் கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருந்தது. பதினான்கு மணி நேர விமானம் என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கே சனிக்கிழமை, அவள் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டி, பருவம் முழுவதற்குமான நுழைவு அட்டையை மடியில் வைத்து, டிவியில் பார்த்தாள். முன்னூற்றுப் பதினேழோடு நின்றது. மெர்வ் ஐரிஸின் மெத்தையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு போய், முன்னூற்றுப் பதினெட்டோடு வந்தார்.

இப்போது கிளப்பில் கடைசி நிமிஷத்துக்கு வந்திருந்தார்.

"பந்தை வச்சுட்டான். கோட்டு மேலயா, கோட்டுக்கு முன்னாடியான்னு தெரியல. நடுவர் ட்ரை, புள்ளி நமக்குன்னுட்டாரு, ஆனா மேல டிவி நடுவர்கிட்டயும் கேக்குறாரு. அவரு நிதானமாப் பாக்குறாரு. 'எனக்குப் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவுல புல் தெரியுது...' அப்புறம் ஒரு இழுவை. 'ஆனா தீர்ப்பை மாத்துற அளவுக்குத் தெரியல'ன்னாரு பாரு! எழுந்து கத்தினேன்!"

நோலீன் வாய்க்குக் கொண்டுபோன உருளைக்கிழங்கு வறுவல் பாதியில் நின்றது.

மைதானத்தில் இருப்பவனுக்கு டிவி நடுவர் பேசுவது காதில் விழாது. பெரிய திரையில் படம் ஓடும், அவ்வளவுதான். மெர்ரிடேலில் காதில் மாட்டும் குட்டி ரேடியோ வாடகைக்குக் கிடைக்கும், அதில் கேட்கலாம். அமெரிக்காவில் அது கிடையாது என்று இதே மேசையில் ஒரு மாதம் புலம்பியவர் மெர்வ்தான். ஆனால் அந்தப் புல், அந்த இழுவை, எல்லாம் அப்படியே, நோலீன் தன் சோபாவில் உட்கார்ந்து கேட்ட மாதிரியே வந்தது.

அவள் வறுவலைப் போட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயம். நோலீன் வாயில் ஒரு செய்தி இரண்டு பஸ் நிறுத்தம் வரைகூடத் தங்கியதில்லை.

மறுநாள் காலை மெர்வ் வீட்டுக்குப் போனாள். ஐரிஸிடம் எப்போதோ இரவல் வாங்கிய கண்ணாடிப் பாத்திரம் அவள் அலமாரியில் இருந்தது. இத்தனை வருஷம் உறுத்தாத மனசாட்சி அன்றைக்கு உறுத்தியது. நடையில் பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடந்தது. அதன்மேல் மெத்தை.

"புல் தெரிஞ்சுதுன்னு உனக்கு யாரு சொன்னா மெர்வ்?"

மெர்வ் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். தேவைக்கு மேலே பிடித்தார்.

"மைதான வாசல்ல, உள்ள தெரியுற பைதான் விடுவாங்களாம். கண்ணாடிப் பை. மெத்தையெல்லாம் கூடவே கூடாதாம். அந்தக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு வா, இல்ல திரும்பிப் போன்னுட்டான் காவக்காரன். மரியாதையாத்தான் சொன்னான். 'சார்'னுதான் கூப்பிட்டான்."

"எங்கயாவது வச்சுட்டுப் போயிருக்கலாம்ல?"

"எங்க?"

நோலீன் கண்ணாடிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

"ஓட்டலுக்கு வந்து கட்டில்ல உக்காந்து பாத்தேன். கத்தினது நிஜம். பக்கத்து ரூம்காரன் சுவத்தைத் தட்டினான்." கெட்டில் கொதித்து நின்றது. "ஃபாதி ஏர்போர்ட்டுக்கே வந்துட்டான் நோலீன். பூங்கொத்தோட. எப்படி இருந்துச்சு அங்கிள்னான். நல்லா இருந்துச்சுன்னேன். அதுதான் நான் சொன்னது. மிச்சமெல்லாம் அதுக்கு மேல அதுவா முளைச்சது."

"நல்லாத்தான் முளைக்குது."

"சொல்லிடப் போறியா?"

"பாலை எங்கய்யா வச்சிருக்கே?" என்றாள் நோலீன்.

அந்த வாரம் முழுக்க அவள் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிந்தாள். மீன் கடையில் வரிசையில் நிற்கும்போது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் மெர்வுக்கும் முன்னூற்றுப் பதினேழோடு சரி. தகடு, கணக்கு குறைவானாலும் அமெரிக்காவுக்கும் விடாமல் போய்வந்த நாலாம் வாசல் ட்ரெவருக்குப் போகும். ஆட்டம் பூராவும் செய்தித்தாள் படிக்கிற ஆள். சொல்லாவிட்டால், மெர்வ் கடல் தாண்டிப் போனார், நோலீன் சோபாவைத் தாண்டவில்லை என்று பித்தளையில் எழுதி வைப்பார்கள். தான் உட்காரும் இடத்திலிருந்து இரண்டடி தள்ளி, சாகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மெர்ரிடேல் மைதானம். இடைவேளை. பெலிகன்ஸ் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தது, அது வழக்கம்தான். மேட்டின் அடியில் ஃபாதி ஒரு கையில் மைக்கும் மறுகையில் துணி மூடிய தகடுமாக நின்றான். சட்டைப் பையில் திருப்புளி எட்டிப் பார்த்தது.

"உலகத்தோட அந்தக் கோடி வரைக்கும் போய் நம்ம கணக்கை விடாமக் காப்பாத்தினவரு! மெர்வ் அங்கிள், கீழ வாங்க!"

மேடு முழுக்க எழுந்து கைதட்டியது. மெர்வ் எழுந்தார். மெத்தையைப் பார்த்தார், நோலீனைப் பார்க்கவில்லை. நாலு படி இறங்கினார். அங்கேயே நின்றுவிட்டார். பிறகு திரும்பி, இப்போதுதான், அவளைப் பார்த்தார்.

கால் வலி என்று ஃபாதி நினைத்துக்கொண்டான் போலும். "அங்கிள் மெதுவா வரட்டும். அதுக்குள்ள, இருபத்தேழு வருஷமா அவரு பக்கத்துலயே இருந்தவங்க ரெண்டு வார்த்தை சொல்லட்டும்! நோலீன் ஆன்ட்டி!"

"ஐயோ, அவகிட்ட மைக்கைக் குடுக்காதடா, இருட்டிரும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேடு சிரித்தது. மைக் கை மாறிக் கை மாறி வரிசை வரிசையாக மேலே ஏறி வந்தது.

தூறல் போட ஆரம்பித்தது. நோலீன் வறுவல் பொட்டலத்தைக் காலடியில் வைத்தாள். பக்கத்து இருக்கையிலிருந்த மெத்தையை எடுத்து, மழைக்கோட்டுக்குள் மடியில் செருகி, பொத்தானைப் போட்டாள். பிறகு ஈரக் கையை நீட்டி மைக்கை வாங்கினாள். மைதானத்தின் நாலு மூலை ஒலிபெருக்கிகளிலும் முதலில் அவள் மூச்சு கேட்டது. நாலாவது படியில் மெர்வ், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, நனைந்துகொண்டிருந்தார்.